பிரதிலிபி: கதை ஓகே, கீழ இருக்குற ரிவ்யூதான்...

பிரதிலிபி கதை எழுதவும் படிக்கவும் ஒரு ஆப், பெங்களூர் கம்பெனி, 2014ல ஆரம்பிச்சது, தமிழோட சேத்து 12 மொழியில கதை இருக்கு, படிக்க ஈசி, பிடிச்சிருந்தா காயின் வாங்கி எழுதினவங்களுக்கு ஸ்டிக்கரும் அனுப்பலாம். இம்சை எல்லாம் வாசகர்களாலதான். சிறுகதைக்குக் கீழ "சூப்பர் சகோ, அடுத்த பகுதி எப்போ"ன்னு கேக்குறாங்க, அட அது முடிஞ்ச கதைங்க! இன்னொருத்தர் கிளைமாக்ஸ முதல் வரியிலயே போட்டு உடைக்கிறார், நடுவுல "என் கதையும் படிங்க"ன்னு விளம்பரம் வேற. பிடிக்கலன்னா எந்த இடத்துல இடிக்குதுன்னு சொல்லுங்க, கதையில வர்ற மருமக எதுத்துப் பேசிட்டான்னு எழுதினவங்களுக்கு ஒத்த ஸ்டார் குடுக்குறதெல்லாம் ஓவர். எழுத்துப்பிழைய தனியா மெசேஜ்ல சொன்னா பெரும்பாலும் டக்குனு திருத்திடுறாங்க. ஆப்புக்கு நாலு ஸ்டார், கதைய முழுசா படிச்சிட்டு அப்புறமா ரிவ்யூ பக்கம் போங்க.