குரோம்பேட்டையிலிருந்து தேனாம்பேட்டை: எதில் போகலாம்?

ஒரு மாதம் மாற்றி மாற்றிப் போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பலகை போட்ட சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, 2021-இல் இருந்தே. ஆனால் கத்திப்பாரா தாண்டுவதற்குள் டிபன் பாக்ஸில் இருக்கும் இட்லி ஆறிவிடும். ஓட்டுநரைக் குறை சொல்லி என்ன, அவருக்கென்று தனித் தடம் ஏது? அகமதாபாத்தில் 2009-லேயே சாலை நடுவில் பேருந்துக்கு வழி பிரித்துவிட்டார்கள். அக்கா வீட்டுக்குப் போனபோது சிக்னலில் நின்ற கார்களைத் தாண்டிப் போனோம். பொறாமையாக இருந்தது.

மின்சார ரயிலும் மலிவுதான். குறைந்த கட்டணம் 5 ரூபாய். காலை எட்டரைக்கு மகளிர் பெட்டியில் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கத் தயார் என்றால் சரி.

கிண்டியில் மெட்ரோவுக்கு மாறினேன். சின்னமலை தாண்டியதும் வண்டி சுரங்கத்துக்குள் இறங்குகிறது, காது லேசாக அடைக்கிறது. ஏசி, கண்ணாடிக் கதவு, நேரத்துக்கு வண்டி. ஒரே குறை, தேனாம்பேட்டையில் ஆழத்திலிருந்து மேலே வருவது. முட்டிவலிக்காரர்கள் லிஃப்டைத் தேடிக்கொள்ளுங்கள்.

என் கணக்கு: கிண்டி வரை ரயில், அப்புறம் மெட்ரோ. மாதக் கடைசியில் மட்டும் பேருந்து.