அருவிப் பாசி வலை: ஓராண்டுக்கு மேல் ஓடிய பிறகு தெரியவருபவை

மீனும் பவளமும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியில் போட்ட இரை எங்கும் போய்விடுவதில்லை. மீன் தின்றதும் தின்னாமல் விட்டதும் கடைசியில் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரிலேயே தங்கும். பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு) நைட்ரேட் 36-க்கு இறங்கும், அவ்வளவுதான். இந்தக் கணக்கில் சலித்தவர்கள்தான் பெரும்பாலும் பாசி வலைக்கு வருகிறார்கள். பாசி எப்படியும் வளரும். கல்மேல் வளர்வதற்குப் பதில் சம்புக்குள், அதாவது தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டிக்குள், அருவிபோலத் தண்ணீர் வழியும் ஒரு வலைமேல் வளரட்டும், வாராவாரம் சுரண்டி வெளியே போட்டுவிடலாம் என்பதுதான் ஏற்பாடு.

அளவைத் தொட்டியின் லிட்டரை வைத்துப் போடக்கூடாது. இரையை வைத்துப் போட வேண்டும். தினம் ஒரு உறைந்த இரைக்கட்டி என்றால் 10 × 8 செ.மீ. வலை, இருபக்கமும் விளக்கு. இரண்டு கட்டி என்றால் 15 × 10. வலைக்கு மேலே உள்ள குழாயின் நீளப் பிளவிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு மணிக்கு 50 லிட்டர் வீதம் தண்ணீர் விழ வேண்டும், 15 செ.மீ. வலைக்குக் கிட்டத்தட்ட 750 லிட்டர். பெட்டியில் போட்டிருக்கும் பம்ப் திறனை அப்படியே நம்ப வேண்டாம், மேலே ஏற்றும் உயரத்தில் கணிசமாகக் குறையும்.

வலைக்குப் பூத்தையலில் பயன்படும் பிளாஸ்டிக் கேன்வாஸ் போதும், அங்குலத்துக்கு ஏழு கண் உள்ளது. அதை ரம்பப் பிளேடால் இரண்டு பக்கமும் நன்றாகக் கீற வேண்டும். விரலால் தடவினால் முள் முள்ளாகக் குத்த வேண்டும், அந்த அளவுக்கு. இந்த வேலையைச் சோம்பலில் அரைகுறையாக விட்டால் மூன்றாவது வாரம் தெரியும்: கையகலப் பாசி ஒரே தகடாகக் கழன்று விழுந்து பம்ப் வாயை அடைத்துக்கொள்ளும்.

விளக்கு 660 நானோமீட்டர் சிவப்பு எல்ஈடி. தொடக்கத்தில் ஒன்பது மணி நேரம், பாசி பிடித்த பின் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். தொட்டி விளக்கு அணைந்த பிறகு இதை எரியவிட்டால் இரவில் பிஹெச் இறங்குவதும் குறையும்.

முதலில் வருவது பழுப்புச் சேறு. அதைப் பார்த்துப் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். மெல்லத் துடைத்துவிட்டு, அடிப்படலத்தை மட்டும் விட்டுவைத்தால், சில வாரங்களில் பச்சை நூல் எழும். காட்சித் தொட்டியின் கல்லில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம், ஏனென்றால் பழைய கல் தான் உறிஞ்சிய பாஸ்பேட்டைத் தொடர்ந்து கக்கிக்கொண்டிருக்கும். இந்தக் காலத்தில் சோதனைக் குப்பி பாஸ்பேட் பூஜ்யம் என்று காட்டினால் மகிழ வேண்டாம். தண்ணீரில் இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். கல்மேல் இருக்கும் பாசி தின்றுகொண்டிருக்கிறது.

குப்பியைவிட வலையின் நிறம் தெளிவாகப் பேசும். பச்சை நூல் என்றால் சரி. கறுப்பு, கரும்பழுப்பு வழுவழுப்பு என்றால் தண்ணீரில் சத்து அதிகம் அல்லது வெளிச்சம் போதவில்லை. ரப்பர் போன்ற மஞ்சள் படலம் என்றால் வெளிச்சம் மிகுதி, சத்து குறைவு. மணிநேரத்தைக் குறைக்க வேண்டும்.

சுத்தம் செய்யும் நாள்தான் இந்தக் கருவியின் உயிர். ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் கழற்றி, குழாய்த் தண்ணீரில் சுரண்ட வேண்டும். நன்னீர் பட்டால் பாசியைத் தின்னும் சிறு பூச்சிகளும் செத்துவிடும். நாள் தள்ளிப்போனால் அடுக்கின் அடிப்பகுதி வெளிச்சமின்றி அழுகிக் கழன்று, பிடித்த சத்தையெல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுக்கும். மாதம் ஒருமுறை செய்கிறேன், பயனில்லை என்பவர்களின் குறை கருவியில் இல்லை.

ஆண்டுக் கணக்கில் ஓடும்போது வரும் தொல்லைகள் வேறு. குழாயின் பிளவுக்குள் பாசி ஏறி, தண்ணீர் ஒரு ஓரமாக மட்டும் விழும்; பிளவின்மேல் வெளிச்சம் படாமல் மறைப்பது நல்லது. தெறிப்பில் உப்பு படிந்து விளக்கு மங்கும், அதை வலையோடு சேர்த்துத் துடைத்துவிடலாம். பாசியிலிருந்து கசியும் சாயத்தால் தண்ணீர் மஞ்சளிக்கும், ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் அதைப் பார்த்துக்கொள்ளும்.

எல்லாப் பாசிக்கும் இது மருந்தல்ல. ஆர்ஓ–டிஐ வடிகட்டியிலிருந்து வரும் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்த பொருள்களின் அளவு) பூஜ்யத்தில் இல்லையென்றால் சிலிகேட் வழியாகக் கண்ணாடியில் பழுப்புத் தூள் படிந்துகொண்டேயிருக்கும். குமிழ்ப் பாசியைக் கையால்தான் எடுக்க வேண்டும், முடிந்தவரை உடையாமல். இறகு வடிவ பிரயாப்சிஸ் பாசி வந்தால் லிட்டருக்கு 20 மி.கி. ஃப்ளூகோனசோல் எனும் பூஞ்சை எதிர்ப்பு மருந்து போடுகிறார்கள், கார்பனை எடுத்துவிட்டுத்தான். அந்த மருந்து வலையிலுள்ள பச்சைப் பாசியையும் வாட்டக்கூடும், பிறகு மறுபடி பழுப்புச் சேற்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் துடைத்து எடுத்துவிட வேண்டும் என்ற வெறியும் வேண்டாம். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்று நிற்பதே பவளத்துக்கு நல்லது. இரண்டும் பூஜ்யத்தைத் தொட்ட தொட்டிகளில்தான் டைனோஃப்ளாஜெல்லேட் எனும் குமிழ் பிடித்த பழுப்புக் கோழை கிளம்பும். பாசி நூலை விரட்டுவதைவிட அதை விரட்டுவது பல மடங்கு கடினம். அளவு அந்த எல்லைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் விளக்கை இரண்டு மணி நேரம் குறைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்து பார்க்கலாம்.