பரண் மேல் ஆறு குளிர்காலம்: மான் வேட்டைக்கு எந்த சாக்ஸ்?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மசில்லோடர் (குழல் வாய் வழியே மருந்தும் குண்டும் திணித்துச் சுடும் துப்பாக்கி) மான் வேட்டை சீசன், நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்து வரும் சனிக்கிழமை தொடங்கி 16 நாள் நடக்கும். நவம்பர் தொடக்கத்தில் வரும் வழக்கமான துப்பாக்கி சீசனைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். காட்டில் ஆள் குறைவு, பனி விழுந்து கிடக்கும், மான் போன தடம் பளிச்சென்று கண்ணில் படும். தொல்லை குளிர்தான். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாலிருந்து சுடலாம் என்பது இங்கே சட்டம். அதற்கும் முன்பே பரணில் ஏறி அசையாமல் உட்கார்ந்துவிட வேண்டும். வடக்கே சிப்பெவா தேசிய வனத்தில் டிசம்பர் விடியலில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் என்பது அதிசயமே இல்லை. கையைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளலாம், முகத்தை மூடிக்கொள்ளலாம். காலுக்குத்தான் போக்கிடம் கிடையாது.

முதல் வருடம் எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்று: குளிர் அதிகமா, இரண்டு சாக்ஸ் போடு. உள்ளே பருத்தி, மேலே தடித்த கம்பளி. வழக்கமான அளவு பூட்ஸுக்குள் காலைத் திணித்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினேன். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து பரணுக்கு 40 நிமிட நடை, பனிக்குள் காலை எடுத்து எடுத்து வைத்து. ஏழரை மணிக்குச் சுண்டு விரல் மரத்தது. எட்டு மணிக்கு விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. இறங்கி நொண்டிக்கொண்டே வண்டிக்குப் போய், ஹீட்டரைப் போட்டு சாக்ஸை உருவினால் நுனி விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. ரத்தம் திரும்ப ஓடத் தொடங்கியதும் வந்த வலியை இன்றும் மறக்கவில்லை. மதியம் மறுபடி போய்ப் பார்த்தபோது, பரணுக்கு நேர் கீழே, நான் நொண்டிப் போன பூட்ஸ் தடத்தின் மேலேயே ஒரு பெரிய மானின் குளம்புத் தடம் பதிந்திருந்தது.

அன்று நான் செய்தவற்றில் பெரிய தவறு பருத்தி. நடக்கும்போது வியர்க்கும் கால், அந்த வியர்வையைப் பருத்திக்குக் கொடுத்துவிடுகிறது. பருத்தி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விடாது. அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆக, உட்கார்ந்த அரை மணியில் கால் ஈரத்துணி சுற்றிய மாதிரி ஆகிவிட்டது. அடுத்த தவறு இறுக்கம். சாக்ஸ் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. காலின் சூட்டை இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்றில் தேக்கி வைக்கிறது, அவ்வளவுதான். இரண்டு சாக்ஸைத் திணித்தால் அந்தக் காற்றுக்கு இடமில்லை, விரலுக்கு ரத்தமும் சரியாகப் போகாது. தடிமன் கூடக் கூடக் கால் குளிர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

இது புரிந்த பிறகு பழக்கத்தையே மாற்றினேன். இப்போது நடப்பதற்கு ஒரு ஜோடி, உட்காருவதற்கு ஒரு ஜோடி. நடக்கும்போது மெல்லிய மெரினோ (ஒருவகைச் செம்மறி ஆட்டின் மென்மையான கம்பளி) சாக்ஸ் மட்டும். கயிற்றைத் தளர்த்தி, ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு, மெதுவாக நடப்பேன். பரணுக்குக் கீழே மடித்து வைக்கும் நுரைப்பாயைப் பனியில் விரித்து உட்காருவேன். ஒரு காலை முடித்த பிறகுதான் அடுத்த கால். பூட்ஸைக் கழற்றி சாக்ஸை உருவியதும், தலைவிளக்கின் சிவப்பு வெளிச்சத்தில் பாதத்திலிருந்து ஆவி எழுவது தெரியும். வறண்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் காலில் அவ்வளவு ஈரம் இருக்கும். சட்டை நுனியால் விரல் இடுக்குகளைத் துடைத்து, வயிற்றோடு ஒட்டி வைத்திருந்த தடித்த மெரினோவை எடுத்துப் போட வேண்டும். அந்த வெதுவெதுப்பு கெண்டைக்கால்வரை ஏறும்போது, அப்பாடா என்று இருக்கும். கழற்றிய ஜோடி உள்சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே போய்விடும். திரும்பி நடக்கும் நேரத்துக்குள் உடம்புச் சூட்டிலேயே பெரும்பாலும் காய்ந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: இதைப் பரண் மேல் ஏறிய பிறகு செய்யாதீர்கள். பாதுகாப்புப் பட்டை கட்டியிருந்தாலும், இருட்டில் குனிந்து பூட்ஸ் கழற்றுவது வம்பு.

மெரினோவையே ஏன் சொல்கிறேன் என்றால், கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. சாதாரண ஆட்டுக் கம்பளியும் இதைச் செய்யும், ஆனால் இழை தடித்தது, குத்தும். மெரினோ இழை மெல்லியது, நாள் முழுக்கப் போட்டிருந்தாலும் அரிக்காது. நாற்றம் பிடிப்பதும் குறைவு. வெள்ளைவால் மானின் மூக்கு தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வாங்கும்போது முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும் ‘மெரினோ’ என்ற சொல்லை நம்ப வேண்டாம், பின்பக்கம் சதவீதத்தைப் பாருங்கள். இரண்டாம் வருடம் தள்ளுபடியில் வாங்கிய ஒரு ஜோடியில் கம்பளி 20 சதவீதம்கூட இல்லை, மீதியெல்லாம் அக்ரிலிக். ஒரே சீசனில் குதிகால் பளபளவென்று தேய்ந்து வலை மாதிரி ஆகிவிட்டது. கம்பளி 60 முதல் 70 சதவீதம், மீதி நைலான், வளைந்து கொடுக்கக் கொஞ்சம் எலாஸ்டேன் என்றிருந்தால் சரி. நைலான் இல்லாத சுத்தக் கம்பளி சீக்கிரம் ஓட்டை விழும். சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள். துவாலையில் இருப்பது போலச் சின்னச் சின்ன நூல் வளையங்கள் பாதம் முழுக்க இருக்க வேண்டும். சூடு தங்குவது அங்கேதான். உயரம் பூட்ஸின் விளிம்பைத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் நடக்க நடக்கச் சுருண்டு கீழே இறங்கிவிடும்.

என் கையில் அதிக காலம் உழைத்திருப்பது டார்ன் டஃப் கம்பெனி சாக்ஸ். வெர்மான்ட் மாநிலம் நார்த்ஃபீல்டில் பின்னுகிறார்கள், வாழ்நாள் உத்தரவாதம் தருகிறார்கள். ஒரு ஜோடி சாக்ஸுக்கு 30 டாலரா என்று வீட்டில் கேட்டார்கள். ஐந்தாவது சீசனாக அதைத்தான் போடுகிறேன், நூல் பிரியவில்லை. அல்பாகா கம்பளியும் ஒரு வருடம் போட்டேன். சூடு அருமை, ஆனால் இழுவை குறைவு, மதியத்துக்குள் கணுக்காலில் தொளதொளத்துவிடும். வீட்டில் சோபாவில் உட்காரப் போடலாம்.

பேட்டரி சாக்ஸும் வாங்கிப் பார்த்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். முதல் இரண்டு மணி நேரம் சொர்க்கம். கடுங்குளிரில் லித்தியம் பேட்டரியின் சக்தி சட்டென்று இறங்கும் என்பதால், மூன்றாம் மணியில் இடது கால் அணைந்தது. மறு வருடம் துவைத்ததில் உள்ளே கம்பி விட்டுப்போனது. ரத்த ஓட்டக் கோளாறு உள்ளவர்களுக்கு உதவலாம், எனக்கு ஒத்துவரவில்லை. விரலில் ஒட்டும் சூட்டுப் பொட்டலம் பரவாயில்லை. அதிலுள்ள இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்து துருவேறும்போதுதான் சூடு வரும், அதனால் இறுக்கமான பூட்ஸுக்குள் பாதி சூடுதான் கிடைக்கும். சாக்ஸுக்கு மேலே ஒட்டுங்கள், வெறும் தோலில் ஒட்டினால் சுட்டுவிடும்.

பூட்ஸைச் சொல்லாமல் சாக்ஸைப் பேச முடியாது. தடித்த சாக்ஸைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போய், அதோடு பூட்ஸ் போட்டுப் பார்த்து வாங்குங்கள். உள்ளே விரல்களை மடக்கி நீட்ட முடிய வேண்டும். நான் ஒரு அளவு பெரிதாக, ஃபெல்ட் உறை தனியே கழற்றிக் காய வைக்கும்படி வாங்கியிருக்கிறேன். அப்புறம், இரும்புப் பரணின் அடித்தட்டு காலின் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும். பழைய கார்ப்பெட் துண்டு ஒன்றை அதில் போட்ட நாளிலிருந்து உள்ளங்கால் குளிர் பாதியாகக் குறைந்தது. செலவே இல்லாத காரியம், பூட்ஸ் உரசும் சத்தமும் கேட்காது.

துவைப்பது எளிது, கெடுப்பதும் எளிது. உள்வெளியாகத் திருப்பி, குளிர்ந்த நீரில், வாசனையில்லாத சோப்பில் துவைத்து நிழலில் காயப் போடுகிறேன். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் கூடவே கூடாது, இழை மேல் படலம் மாதிரி படிந்துவிடும். ஒரு தடவை வீட்டுத் துணியோடு கலந்து சுடுநீரில் போய், நல்ல ஜோடி ஒன்று சுருங்கித் தடித்து என் மகள் காலுக்கு வந்தது. சீசன் முடிந்ததும் துவைத்து, இறுக்க மூடும் டப்பாவில் வைத்துவிடுங்கள். வியர்வை பட்ட கம்பளி என்றால் அந்துப்பூச்சிக்கு விருந்து.

போன டிசம்பரில் ஒரு நாள் ஆறு மணிக்கு ஏறி பதினொன்றரைக்குத்தான் இறங்கினேன். பத்தரை மணிக்கு ஒரு பெட்டை மான் இரண்டு குட்டிகளோடு வந்து, பரணுக்கு இருபது அடி தள்ளிப் பனியைக் கிளறி ஓக் கொட்டை தேடியது. சுட நினைக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். அவை போன பிறகுதான், அன்று என் பாதங்களைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.