மட்டக்களப்புக்கு எந்த மரம்: சவுக்கா, வேம்பா, கண்டலா?

மரம் காற்றைச் சுத்தமாக்கும், சரி. ஆனால் எந்த மரம், எந்த இடத்தில் என்று பார்க்காமல் கன்று நட்டால் காசும் தண்ணீரும் வீண். நம் ஊரில் போட்டி மூன்றுக்குள்தான்: கடற்கரைச் சவுக்கு, வீதியோர வேம்பும் புங்கையும், வாவிக்கரைக் கண்டல் (அலையாத்தி மரம்).

சவுக்கு வெறும் மணலிலும் பிடித்துக்கொள்ளும். அதன் வேரில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை உரமாக்கிக் கொடுக்கின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் அதைப் பரவலாக நட்டார்கள். ஊசி போன்ற மெல்லிய கிளைகள் தூசை நன்றாகவே பிடிக்கும். மாரியில் கடலிலிருந்து வாடை வீசும்போது கல்லடி, நாவலடி வீடுகளுக்கு அது நல்ல மறைப்பு. ஆனால் ஆனி, ஆடியில் வறண்ட மண்ணைக் கிளப்பி வருவது கச்சான். அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. ஊரைக் கடந்த பிறகுதான் சவுக்கைத் தொடும். அப்புறம் எதைத் தடுப்பது? இன்னொன்று, சவுக்கு ஐசோப்ரீன் என்ற ஆவியை வெளியிடும். வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்தால் அதிலிருந்து, மூச்சுக்குக் கெடுதலான ஓசோன் வாயு தரைமட்டத்தில் உருவாகும். நெரிசலான வீதிக்குச் சவுக்கு வேண்டவே வேண்டாம்.

வீதிக்கு என் தேர்வு வேம்பும் புங்கையும் கலந்த வரிசை. காத்தான்குடி பிரதான வீதியின் பேரீச்சை கண்ணுக்கு அழகு, ஆனால் விரிந்த வேம்பு தரும் நிழலும் இலைப்பரப்பும் அதில் வராது. புகைத்துகள் ஒட்டுவது இலையில்தான். கடும் வறட்சியில் வேம்பும் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். அப்போது புகையிலுள்ள வாயுக்களை உறிஞ்சுவதும் சூழலைக் குளிர்விப்பதும் குறையும். தூசு மட்டும் மழை வந்து கழுவும்வரை இலையில் கிடக்கும். புளியந்தீவின் ஒடுங்கிய வீதிகளில் இரு பக்கக் கிளைகளும் மேலே கூடிவிட்டால் புகை கீழேயே தங்கிவிடும். அங்கே மரங்களை இடைவெளி விட்டு நட வேண்டும். பாடசாலை மதிலோரம் அடர்ந்த பூவரசு வேலி போதும்.

கண்டல், வாகனப் புகைக்கு மருந்தல்ல; அது வீதியை விட்டுத் தள்ளி நிற்கிறது. ஆனால் உப்பையும் வெள்ளத்தையும் தாங்குவதில் அதை மிஞ்ச ஆளில்லை, சேற்றில் கரிமத்தையும் நீண்டகாலம் பூட்டி வைக்கிறது. அதற்குச் செலவே தேவையில்லை. வாவியோரத்தை மண் போட்டு நிரப்பாமல் விட்டாலே பெரும்பாலும் தானாக வளரும்.

1978 நவம்பர் சூறாவளியில் நம் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. எதை நட்டாலும் ஒரே இனத்தை வரிசையாக நடாதீர்கள். வேம்பு, புங்கையோடு மருது, நாவல், இலுப்பை கலக்கட்டும். ஐப்பசி மழையோடு நட்டு, முதல் இரண்டு கச்சான் காலத்துக்கும் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் வீதியை முதலில் தெரிவுசெய்யுங்கள்.