இளைக்கும் நுரையீரலுக்கு எது: வேப்பா, பேட்சா, மாத்திரையா?

பிரிட்டனில் சிஓபிடி (பெரும்பாலும் புகையால் நுரையீரல் மெல்லப் பழுதாகி மூச்சு வாங்கும் நாள்பட்ட நோய்) உள்ளவரின் சட்டைப் பையில் நீல இன்ஹேலரும் வேப்பும் (மின்-சிகரெட்) ஒன்றாகக் கிடப்பது இப்போது அதிசயமில்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவருக்கு இது எதற்கு என்று பார்ப்பவர்களுக்குக் கோபம்கூட வரும். ஆனால் அவர் வேப்பைச் சுத்தமான காற்றோடு ஒப்பிடவில்லை. நாற்பது வருஷமாக இழுத்த சிகரெட்டோடு ஒப்பிடுகிறார்.

அந்தச் சிகரெட்டை விடுவதற்கு என்ன மதிப்பு? அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆரம்பநிலை சிஓபிடி உள்ள 5,887 புகைப்பவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 11 வருஷம் கழித்துப் பார்த்தபோது, புகைப்பதை விட்ட ஆண்களுக்கு ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு வருஷத்துக்குச் சுமார் 30 மில்லி குறைந்திருந்தது. தொடர்ந்து புகைத்தவர்களுக்கு 66 மில்லி. அதே ஆய்வில் கொடுத்த இன்ஹேலர் மருந்து இந்தச் சரிவைத் தடுக்கவில்லை. ஆகவே விட வேண்டும் என்பதில் பேச்சே இல்லை. எதைப் பிடித்துக்கொண்டு விடுவது என்பதில்தான் போட்டி.

முதலில் பேட்ச், அதாவது தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை. தோல் வழியாக நாள் முழுக்க நிகோடின் மெதுவாகக் கசியும், ஒரே சீராக. சிகரெட் பழகிய மூளைக்கு இது சப்பென்று இருக்கும். அங்கே ஓர் இழுப்பு மூளையைத் தொடச் சில நொடிகள் போதும். இடையில் கிளம்பும் ஆசைக்கு நிகோடின் சூயிங்கம் சேர்த்துக்கொள்ளலாம். அதைச் சும்மா மெல்லக் கூடாது. நாலு கடி கடித்துக் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். பலர் மிட்டாய் மாதிரி மென்று எச்சிலை விழுங்கி, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பல்செட் போட்டவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் தொல்லை வேறு.

வேப் ஜெயிப்பது இந்த இடத்தில்தான். நிகோடின் சீக்கிரம் ஏறுகிறது, தொண்டையில் அந்த உரசல் கிடைக்கிறது, கைக்கும் வாய்க்கும் வேலை இருக்கிறது. மூச்சு முட்டும் குளிர்காலத்தில் தம் அடிக்க வெளியே போய் நிற்க வேண்டாம். பேரப்பிள்ளைகள் சட்டையில் நாற்றம் என்று முகம் சுளிக்க மாட்டார்கள். இதற்கு முன் நாலைந்து தடவை விட்டுத் தோற்றவருக்கு இதெல்லாம் சின்ன விஷயமில்லை. 2019இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில் (சிஓபிடிக்காரர்கள் மட்டுமல்ல, பொதுவாகப் புகைப்பவர்கள் 886 பேர்) ஒரு வருஷம் கழித்து சிகரெட்டைத் தொடாமல் இருந்தவர்கள் வேப் தரப்பில் 18 சதவீதம். பேட்ச், சூயிங்கம் தரப்பில் 9.9. சரி, இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். அப்படி விட்டவர்களில் வேப் தரப்பினர் 80 சதவீதம் பேர் அப்போதும் வேப்பை விடவில்லை. மற்றவர்களில் பேட்சையோ சூயிங்கத்தையோ விடாதவர்கள் 9 சதவீதம்தான். பழைய பழக்கத்தை அப்படியே நடிப்பதால் ஜெயித்த பொருள், அதே காரணத்தால் கையை விட்டு இறங்க மறுக்கிறது.

சிகரெட் ஆசையைக் குறைக்கும் வெரெனிக்லின் மாத்திரை சத்தமில்லாத போட்டியாளர். வழக்கமாக 12 வாரம். சிஓபிடி நோயாளிகளிடமே, 504 பேரிடம், சோதித்திருக்கிறார்கள்: ஒரு வருஷ முடிவில் சிகரெட்டைத் தொடாமல் இருந்தவர்கள் மாத்திரைத் தரப்பில் 18.6 சதவீதம், மருந்தில்லாத வெற்று மாத்திரைத் தரப்பில் 5.6. வேப்பின் 18ஐ இதோடு நேராக நிறுத்தக் கூடாது, ஆட்களும் வேறு, எதிராளியும் வேறு. குமட்டலும் விசித்திரமான கனவுகளும் இதன் தொந்தரவுகள். ஆனால் நுரையீரலுக்குள் எதுவும் போவதில்லை.

வேப்பில் போகிறது. சிகரெட்டைவிட 95 சதவீதம் தீங்கு குறைவு என்று 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை சொன்னது நிபுணர்களின் மதிப்பீடு. கருவி வைத்து அளந்ததல்ல. எதுவும் எரியாததால் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லை என்பது உண்மை. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள்கள் சூடாகி உள்ளே போவதும் உண்மை. இருமலும் தொண்டை வறட்சியும் சகஜம். இன்றைய வேப் 2003இல் சீன மருந்தாளர் ஹான் லிக் உருவாக்கியது. சிஓபிடி முற்றவே இருபது முப்பது வருஷம் ஆகும். ஆகவே வேப் நுரையீரலை நாளடைவில் என்ன செய்யும் என்று இன்னும் முழுதாகத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஹான் லிக்கே பின்னாளில் சிகரெட்டையும் வேப்பையும் சேர்த்தே பிடித்துக்கொண்டிருந்தார். நோயாளிகள் மாட்டிக்கொள்ளும் பொறியும் இதுதான். வீட்டுக்குள் வேப், வெளியே சிகரெட் என்றால் நுரையீரலுக்கு லாபம் ஒன்றுமில்லை.

என்னைக் கேட்டால் மாத்திரை, அல்லது பேட்சும் சூயிங்கமும் சேர்த்து. இரண்டும் தோற்றால் வேப், அதுவும் சிகரெட் அடியோடு போகும் என்றால் மட்டும். இந்தியாவில் அந்த மூன்றாவது வழியே கிடையாது. 2019 சட்டப்படி வேப் விற்பனை, இறக்குமதி, சேமித்து வைத்தல் எல்லாம் குற்றம். மறைவில் விற்கும் வேப்பில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது.

வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவருக்கு இந்த அலசலே வேறு. வேப்பின் சூடேறும் கம்பியும் பேட்டரியும் ஆக்சிஜன் பக்கத்தில் தீப்பிடிக்கக்கூடியவை. அவர் இருக்கும் அறையில் அதைச் சார்ஜ்கூடப் போடக் கூடாது.