பயந்த ஃபாஸ்டர் நாய்: கையில ஊட்டுறதா, தூரமா போடுறதா?

பினாங்கு ஜெலுத்தோங்ல தெரஸ் வீடு எங்களுது. இப்ப ஃபாஸ்டருக்கு, அதாவது நெரந்தரமா ஒரு வீடு கெடைக்குற வரைக்கும், எங்ககிட்ட இருக்குற நாய் மைலோ கட்டட சைட்ல பொறந்து வளந்தவ. குட்டிங்க மனுஷங்களோட பழகிக்குற முக்கியமான காலம் 3 வாரத்துலருந்து 12, 14 வாரம் வரைக்கும்தான், அந்த நேரத்துல இவ பாத்ததெல்லாம் லோரியும் சிமெண்டு மூட்டையும்தான், அதனால கேட் சத்தம் கேட்டாலே சோபாவுக்குப் பின்னாடி போயிடுவா.

வீட்டுக்கு வர்றவங்களோட இவள பழக்க ரெண்டு வழி. வர்றவங்க கையில கோழித் துண்டைக் குடுத்து நீட்டச் சொல்றது ஒண்ணு. அவங்க நாயையே பாக்காம உக்காந்துகிட்டு, துண்டை நாய்க்குப் பின்னாடி போய் விழுற மாதிரி போடுறது இன்னொண்ணு. எனக்கு ரெண்டாவதுதான்.

கையில ஊட்டுறது சுலபம், லேசா கூச்சப்படுற நாய்க்கு அதுவே போதும். மைலோ மாதிரி நாய்க்கு ஆசை கிட்ட இழுக்குது, பின்னங்கால் வர மாட்டேங்குது, கழுத்த மட்டும் நீட்டி வாங்கித் தின்னுடுது. தின்னு முடிச்சதும் பாத்தா தலைக்கு மேல தெரியாத ஆளோட கை. ஓடும், இல்ல உறைஞ்சு நிக்கும், சில நாய் கடிக்கவும் செய்யும்.

தள்ளிப் போட்டா கோழியும் கெடைக்குது, தூரமும் கெடைக்குது. பயந்த நாய் மொதல்ல கேக்குறதே அந்த தூரத்தைத்தான். பின்னாடி போய் தின்னுட்டு திரும்பிப் பாக்கும், விருப்பம் இருந்தா ஒரு அடி கிட்ட வரும், வரலன்னா அங்கயே போடுங்க, எவ்வளவு கிட்டன்னு முடிவு பண்றது அதுதான், நாம இல்ல. நாக்கால மூக்க நக்குறது, தூக்கம் வராமலே கொட்டாவி, கண்ணு ஓரத்துல வெள்ளை தெரியறது, வால் வயித்துக்குள்ள போறது, இதுல எது வந்தாலும் அன்னிக்கு நிறுத்திடுங்க. பிடிச்ச கோழியவே தொடலன்னா ஆள் ரொம்பக் கிட்ட இருக்காங்கன்னு அர்த்தம்.

ஆள் உள்ள வந்தப்புறம்தான் கோழி வரணும், முன்னாடியே இல்ல. உப்பு போடாம அவிச்ச கோழி, எலும்பில்லாம, சின்னச் சின்னதா. கறிக் கொழம்புலருந்து எடுத்துக் குடுக்காதீங்க, வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. டைல்ஸ் வழுக்கும், கால் சறுக்குனா பயம் இன்னும் ஏறும், பாய் விரிச்சு அதுல போடுங்க.

கஷ்டம் என்னன்னா மனுஷங்களத்தான் பழக்கணும். "அத்தே, அவளப் பாக்காதீங்க, நீங்க பாட்டுக்கு டீ குடிங்க"ன்னு எத்தன தடவ சொன்னாலும் "வாடி செல்லம்"னு குனிஞ்சுடுவாங்க. எதிர் வீட்டு மலாய்க்கார அங்கிள் நாயைத் தொட மாட்டாரு, நேரா பாத்து நடந்து போயிடுவாரு. மைலோ மொதமொதல்ல பயப்படாம படுத்திருந்தது அவரு கேட்ட தாண்டிப் போனப்பதான் லா.

சாப்பாட்டுல ஆசையே இல்லாத நாயோட எனக்கு அனுபவம் கம்மி, சின்னப் புள்ளைங்க விஷயத்துலயும் அப்படித்தான். ஏற்கனவே கடிச்ச நாய்னா வெட் கிட்ட காட்டிட்டு ஆரம்பிங்க. தீபாவளி ஓப்பன் ஹவுஸ் (வீட்டுக்கு விருந்தாளிங்க வரிசையா வந்து போற நாள்) அன்னிக்கு எந்த வழியும் வேண்டாம், பின் ரூம்ல ஃபேன் போட்டு, தண்ணி வெச்சு, கதவ சாத்திடுங்க.