அசைக்கு ஓர் எண்ணா, உறுப்புக்கு ஓர் எண்ணா?

கனடாவின் கிரீ, இனுக்டிடுட் மொழிகளின் அசையெழுத்தில் வடிவம் மெய்யைச் சொல்லும். அது திரும்பியிருக்கும் திசை உயிரைச் சொல்லும். பகர வரிசை ஒரு கூர்முனை. மேலே பார்த்தால் 'பி', கீழே பார்த்தால் 'பே', வலப்பக்கம் 'போ', இடப்பக்கம் 'ப'. 1840-இல் நார்வே ஹவுஸில் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற மதபோதகர் இதை அச்சுக்குக் கொண்டுவந்தார். எழுத்து பிறந்த விதம் பற்றிக் கிரீ மக்களின் வாய்மொழி மரபு வேறு கதை சொல்கிறது.

இதைக் கணினியில் ஏற்ற முதலில் கைகொடுத்தது எழுத்துரு வித்தை. நுனாகாம், ப்ரோசில் போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அசை வடிவங்களை வரைந்து வைத்தன. உடனே வேலை நடந்தது. விடுபட்ட எழுத்தை எழுத்துரு செய்பவரே சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முழுக் கடிதமும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்பைத் திறந்து திகைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தருகிற பொதுத் தரம் யூனிகோட். 1999-இல் வந்த அதன் 3.0 பதிப்பு இந்த எழுத்துக்கு 630 இடங்களைத் தந்தது. இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நுனாவுட் கனடாவின் தனி ஆட்சிப்பகுதியானதும் அதே ஆண்டு ஏப்ரலில்தான். இங்கே அசைக்கு ஓர் எண்: 'பி'க்கு ஒன்று, நெடில் 'பீ'க்கு இன்னொன்று. தமிழில் 'பி' என்பது பகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு எண்கள். யூனிகோட் எண்களைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 6 பைட். கிரீயின் 'பி' 3 பைட்தான். நம் 'கொ' போல எழுத்துக்கு இருபுறமும் குறி வரைகிற சிக்கலும் அங்கே கிடையாது.

அப்படியானால் முழு அசையே மேல் என்று சொல்லிவிடலாமா? நாட்டிலிக் இனுயிட் மக்களின் அனுபவம் என்னைத் தயங்க வைக்கிறது. அவர்கள் பேச்சில் உள்ள இரண்டு மெய்யொலிகளுக்கு உரிய எழுத்துகள் 1999 பட்டியலில் இல்லை. ஒரு மெய்க்கு மூன்று உயிர், குறிலும் நெடிலும் என ஆறு. இரண்டுக்கும் சேர்த்து 12 எழுத்துகள். அவை யூனிகோடில் ஏறியது 2021-இல், பதிப்பு 14-இல். மெய்க்கும் உயிருக்கும் தனித்தனி எண் தருகிற தமிழ் வழி அங்கே இருந்திருந்தால் இரண்டே எண்களைச் சேர்த்திருந்தால் போதும். தங்கள் மொழியைச் சரியாகத் தட்டச்ச ஒரு சமூகம் 22 ஆண்டு காத்திருந்தது எனக்குச் சிறிய விஷயமாகப் படவில்லை.

இன்னொரு குறை தேடலில். வகரம் சேர்ந்த அசைக்கு மேற்குக் கிரீயில் புள்ளி வலப்பக்கம், கிழக்கில் இடப்பக்கம். ஒலி ஒன்றே, எண்கள் இரண்டு. தேடுபொறிக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டால் ஒருவர் எழுதியது மற்றவர் தேடலில் சிக்காது.

இருந்தும் அந்த எழுத்துக்கு முழு அசையே பொருந்தும் என்பது என் கட்சி. தமிழ் இகரத்துக்கு ஒரு கொக்கி உண்டு, அதைத் தனியே காட்ட முடியும். அங்கே உயிருக்குத் தனிக் கோடு ஏதும் கிடையாது, இருப்பது திசை மட்டும். கண்ணுக்குத் தெரியாத உறுப்புக்கு எண் கொடுத்தால் தட்டச்சுபவர் எதை அழிக்கிறோம் என்றே குழம்புவார். போதாததற்குச் சில வரிசைகள் சுழல்கின்றன, சில கண்ணாடிப் பிம்பமாய்ப் புரள்கின்றன. ஒரே விதியில் அடங்காது. நம்மில் சிலர் கேட்ட முழு உயிர்மெய்க் குறியாக்கமான டேஸ்16-ஐத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது; யூனிகோட் தமிழ்ப் பகுதி மாறவில்லை. தமிழுக்கு அது தேவைப்படவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

கருவிக்காக எழுத்தைக் குறைத்த வழியும் ஒன்று இருந்தது. 1976 சீர்திருத்தத்தில் இனுக்டிடுட்டின் 'ஐ' வரிசை நீக்கப்பட்டதற்குத் எழுத்துகள் பொறித்த தட்டச்சுப்பொறிப் பந்தில் இடம் போதாததும் ஒரு காரணம். கியூபெக் மாகாணத்தின் வடபகுதியான நுனாவிக்கின் மக்கள் பின்னாளில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். யூனிகோடில் அந்த வரிசைக்கு இடம் இருக்கிறது.